ஸ்டாலில் ருசி பார்க்க என்ன வைக்கலாம்? பொடி, தொக்கு விற்பவர்களுக்கு

கேள்வி, 8 ஜூலை 2024

அக்கா, வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பூண்டுத் தொக்கு, புளிக்காய்ச்சல் செய்து தெரிந்தவர்களுக்கு விற்று வருகிறேன். ஆகஸ்ட் 3, 4 இரண்டு நாளும் ஈரோட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கும் கண்காட்சியில் முதல் தடவையாக ஸ்டால் எடுத்திருக்கிறேன். ருசி பார்க்கக் கொடுத்தால்தான் வாங்குவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மினி இட்லியில் பொடி தடவியும், சின்னக் கிண்ணத்தில் புளியோதரையும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நானும் என் மாமியாரும் மட்டும்தான் நிற்கப் போகிறோம். சரியாக வருமா?

8 ஜூலை, இரவு

மினி இட்லி வேண்டாம். காரணம் நாளைக்கு எழுதுகிறேன், இப்போது உளுந்து வறுத்துக்கொண்டிருக்கிறேன். அட்வான்ஸ் கட்டிவிட்டீர்கள் என்றால் ஒன்று மட்டும் உடனே கேட்டு வையுங்கள்: ஸ்டாலுக்கு கரண்ட் உண்டா, உண்டு என்றால் பல்புக்கு மட்டுமா, அடுப்பு வைக்கிற அளவுக்கா? வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

9 ஜூலை

நான் முதலில் ஸ்டால் போட்டது 2019-ல், சேலத்தில். அப்போது நானும் இதே மினி இட்லிதான் எடுத்துப் போனேன். வீட்டில் வேகவைத்து, ஹாட்பேக்கில் துணி போட்டு அடுக்கி, 300 இட்லி. பத்தரைக்கு மூடியைத் திறந்தபோது ஆவி பறந்தது, வாசனைக்கே நாலு பேர் வந்தார்கள். பதினொன்றரைக்கு மேல் மூடியில் கோத்த தண்ணீர் சொட்டி மேல் வரிசை நசநசவென்று ஆகிவிட்டது. திறந்து வைத்தாலோ காற்றில் தோல் காய்ந்து ரப்பர் மாதிரி. சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று இண்டக்‌ஷன் அடுப்பும் கொண்டு போயிருந்தேன். பிளக் பாயிண்ட் உண்டு என்று சொல்லிக் காசு வாங்கினவர்கள் அன்றைக்குக் காலையில் "பல்புக்கு மட்டும்தான்" என்றார்கள். அடுப்பு நாள் முழுக்க மேஜைக்கு அடியிலேயே கிடந்தது.

மூன்று மணிக்கு ஓர் அம்மா இட்லியைக் குச்சியில் குத்தி எடுத்தார். பொடியில் நல்லெண்ணெய் அதிகம். சொட்டியது அவருடைய பட்டுப் புடவை முந்தானையில். பக்கத்து ஸ்டால்காரர் டால்கம் பவுடரை எடுத்து வந்து கறையின் மேல் கொட்டி, கால் மணி நேரம் விட்டுத் தட்டினார். பாதி போனது, மீதி நிழல் மாதிரி நின்றது. அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் அந்தக் கறை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து என்ன பலகாரம் யோசித்தாலும் ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: சாயங்காலம் நாலு மணிக்கு இது எப்படி இருக்கும்? காலை பத்து மணிக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கண்காட்சிக்குக் கூட்டம் வருவதே நாலு மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் உங்கள் பொடியை முதன்முதலாக வாயில் வைப்பவருக்கு, அது காலையில் எவ்வளவு நன்றாக இருந்தது என்று எப்படித் தெரியும்?

9 ஜூலை, மறுபடியும்

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. வருகிறவர் ஒரு கையில் பை வைத்திருப்பார், பெரும்பாலும் இன்னொரு கையில் குழந்தை. நின்றபடியே, மிஞ்சினால் இரண்டு விரலால் எடுத்து, ஒரே வாயில் போட முடிய வேண்டும். கை கழுவ இடம் தேட விடக் கூடாது. கையில் எண்ணெய் ஒட்டினால் அடுத்து உங்கள் பாக்கெட்டை எடுத்துப் பார்க்கவே யோசிப்பார்.

11 ஜூலை

சரி, அப்படியானால் என்ன கொடுப்பது? பொரி. அரிசிப் பொரியில் சூடான எண்ணெய் இரண்டு ஸ்பூன், மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, உங்கள் கறிவேப்பிலைப் பொடி போட்டுப் பிரட்டினால் போதும். காசும் குறைவு, வயிற்றுக்கும் லேசு. கரூர்ப் பக்கம் கரம் என்று பொரியில் சட்னி சேர்த்துக் கொடுப்பார்களே, அதன் ஈரமில்லாத வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன மந்தாரை இலைத் தொன்னையில் ஒரு கைப்பிடி. டப்பா இறுக்கமாக மூடினால் நாலு மணிக்கும் மொறுமொறுப்பு இருக்கும்.

12 ஜூலை

நேற்று எழுதிய பொரியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தேதியைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். ஆகஸ்ட் 3 ஆடி 18. திறந்த மைதானம் வேறு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், பொரி எம்மாத்திரம்? பக்கத்து ஸ்டால் துணியில் எல்லாம் மஞ்சள் பொரி ஒட்டும். மழைத் தூறல் இரண்டு விழுந்தால் நமுத்துப் போய்விடும். நான் பொரி கொடுத்து நன்றாகப் போனது மார்ச் மாதம், நாலு பக்கமும் சுவர் இருந்த மண்டபத்தில்.

பொரி மட்டுமில்லை, காகிதத் தட்டு, டிஷ்யூ, விலை எழுதிய அட்டை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கனம் வேண்டும். நான் ஆற்றுக் கூழாங்கல் ஏழெட்டு கழுவி வைத்திருக்கிறேன். பார்க்கவும் அழகாக இருக்கும்.

15 ஜூலை

சுண்டல் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சுண்டல் எனக்கும் பிடிக்கும். பருப்புப் பொடியைத் தூவிய கொண்டைக்கடலைச் சுண்டலைப் போலப் பொடியை எடுத்துக் காட்டுவது வேறு எதுவும் இல்லை. ஒரு கிலோ கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். 30 கிராம் வீதம் கொடுத்தால் 70 பேருக்குக் காணும். ஆனால் கடலை எட்டு மணி நேரம் ஊற வேண்டும், வேக வேண்டும், முதல் நாள் ராத்திரியில் இருந்தே வேலை. வெந்த பயறு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் சுகாதாரத் துறையினர் சொல்கிற பொதுவான கணக்கு. சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். மைதானத்தில் இரண்டு பேர் அதைச் செய்ய முடியாது.

தேங்காய் போட்டால் கேட்கவே வேண்டாம். மதியத்துக்குள் ஊசிவிடும். கரண்டியில் எடுத்தால் நூல் விடும். ஒருமுறை முகர்ந்து பார்த்தபோது வாசனையில் எதுவும் தெரியவில்லை, விரலால் அழுத்திப் பார்த்தபோதுதான் பிசுபிசுப்பு தெரிந்தது. முழுப் பாத்திரத்தையும் கொட்டினேன். அதற்கு முந்தைய 40 நிமிடத்தில் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன் என்று அன்று ராத்திரி தூக்கமில்லை. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நவராத்திரியில் மண்டபத்துக்குள் ஸ்டால் போட்டால், வீடு பக்கத்தில் இருந்தால், சுண்டல் செய்யலாம். ஆடியில், வெளியூரில் வேண்டாம்.

18 ஜூலை

இப்போது சேலத்துக்காரியாகப் பேசுகிறேன். எங்கள் ஊரில் தட்டுவடை செட் சாப்பிடாதவர்கள் கிடையாது. உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு தட்டை. அதில் ஒரு பக்கம் சிவப்புச் சட்னி, அதன் மேல் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். இன்னொரு தட்டையில் பச்சைச் சட்னி தடவி மேலே மூடிவிடுவார்கள். தள்ளுவண்டிக்காரர் ஒரு நிமிடத்தில் ஆறு செட் அடுக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? கை நிற்காது. கடிக்கும்போது முதலில் மொறு, அப்புறம் காரம், அப்புறம் பீட்ரூட்டின் இனிப்பு. தட்டை ஒரு தட்டு மாதிரி வேலை செய்கிறது, கடைசியில் அந்தத் தட்டையும் சாப்பிட்டுவிடுகிறோம். கழுவ வேண்டியது எதுவுமில்லை.

இதைப் பார்த்து வளர்ந்தும் இது ஸ்டாலுக்கு ஆகும் என்று எனக்கு 2022 வரை தோன்றவில்லை. அம்மாப்பேட்டையில் ஒரு வண்டி முன்னால் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சட்டென்று பொறி தட்டியது. அடுத்த ஸ்டாலுக்கு ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரே வாயில் போகிற மாதிரி குட்டித் தட்டை போடச் சொல்லி வாங்கினேன். கால் கிலோவை எண்ணிப் பார்த்தேன், 58 இருந்தது. ஆக ஒரு கிலோவுக்கு 230 பேர் வரை ருசி பார்க்கலாம்.

காய், சட்னி எதுவும் வேண்டாம். பொடியை நல்லெண்ணெயில் கெட்டியாகக் குழைத்து, ஒரு மிளகு அளவு தட்டையின் நடுவில் வைத்துக் கொடுங்கள். குழைவு எப்படி இருக்க வேண்டும் என்றால், ஸ்பூனைக் கவிழ்த்தாலும் விழக் கூடாது. அந்தப் புடவைக் கறைக்குப் பிறகு நான் வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஸ்பூனைக் கவிழ்த்துப் பார்க்காமல் போனதில்லை.

முன்கூட்டியே தடவி அடுக்கி வைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் எண்ணெய் இறங்கித் தட்டை மெத்தென்று ஆகிவிடும். ஆள் வந்து நின்ற பிறகு, அவர் கண் முன்னால் தடவிக் கொடுங்கள். அந்தச் சில நொடிகளில்தான் "இதில் என்ன பருப்பு போடுவீர்கள்?" என்று கேட்பார். பேச்சு அங்கேதான் தொடங்கும். எனக்கு வியாபாரம் ஆனதில் பாதிக்கு மேல் அந்தப் பேச்சில்தான்.

18 ஜூலை, கொஞ்சம் கழித்து

தட்டையை நீங்களே செய்வதென்றால் காரம் போடாதீர்கள். உப்பும் எள்ளும் போதும். தட்டையிலேயே மிளகாய் இருந்தால் பொடியின் ருசி அதில் மறைந்துவிடும். கடையில் வாங்குவதென்றால் முதல் நாள் போட்டதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணெயில் போட்ட தட்டை காறல் அடிக்கும், வாங்க வந்தவர் அந்தக் காறலை உங்கள் பொடியின் மேல்தான் ஏற்றுவார்.

20 ஜூலை

புளியோதரைக்கு வருகிறேன், இவ்வளவு நாள் அதை விட்டுவைத்தது மறந்ததால் இல்லை. நான்கைந்து நாளாக மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் எனக்குத் தோன்றியது, வேண்டவே வேண்டாம் என்பதுதான். ஆடிப்பெருக்கு அன்று ஈரோட்டுக்கு வருகிறவர்கள் பவானி கூடுதுறையிலோ காவிரிக் கரையில் வேறெங்காவதோ கும்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். தூக்கில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். வயிறு நிறைய கலந்த சாதம் இருக்கிறவரிடம் இன்னொரு பிடி புளியோதரையை நீட்டினால் என்ன சொல்வார்? அதுவும் அவர் வீட்டு அம்மா கையால் செய்ததோடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தப் போட்டியில் யாரும் ஜெயிக்க முடியாது.

சாதத்துக்கு வேறு தொல்லையும் உண்டு. காற்றில் விறைத்துப் போகும், ஸ்பூன் வேண்டும், கிண்ணம் வேண்டும், கீழே சிந்தினால் காலில் மிதிபடும்.

ஆனால் புளிக்காய்ச்சலை ருசி பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதும் உண்மை. தட்டையில் தடவிப் பார்த்தேன். புளிப்பு மட்டும் தூக்கலாகத் தெரிகிறது, நன்றாக இல்லை. அதற்கு மாவுச்சத்தாக ஏதாவது அடியில் வேண்டும்.

21 ஜூலை

அவல்!

கெட்டி அவலைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, புளிக்காய்ச்சலைப் போட்டுக் கலந்தால் புளி அவல். அடுப்பே வேண்டாம். இன்று காலை வீட்டில் செய்து, ஒரு கிண்ணத்தை மூடாமலும் ஒரு கிண்ணத்தை மூடியும் வைத்து மணிக்கு ஒரு தடவை தின்று பார்த்தேன். மூடியது ஒன்றரை மணி நேரம் வரை நன்றாக இருந்தது. மூடாததில் ஒரு மணி நேரத்திலேயே மேலே வறண்டுவிட்டது. அதனால் மொத்தமாகக் கலக்காமல் கால் கிலோ, கால் கிலோவாக மணிக்கு ஒரு தடவை கலக்குங்கள். அவல் உலர்ந்த சாமான், மூட்டையோடு கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டு வரலாம்.

இன்னொரு லாபம். வந்து நிற்பவர் முன்னால் நீங்கள் கலக்கும்போதே "அடுப்பு பற்ற வைக்காமல் காலை டிபன்" என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. வாய் திறந்து விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. வேலைக்குப் போகிற பெண்களும் ஹாஸ்டலில் பிள்ளை இருக்கிற அம்மாக்களும் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

கடலையை மட்டும் தனியாக வைத்துக் கடைசியில் மேலே போடுங்கள். அவலோடு கலந்தால் நமுத்துவிடும். வேர்க்கடலை இருக்கிறது என்று அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு.

22 ஜூலை

காலண்டரைக் கிழிக்கும்போது பார்த்தேன். ஆகஸ்ட் 4 ஞாயிறு ஆடி அமாவாசை. இது ரொம்ப முக்கியம், அதனால் தனியாகவே எழுதுகிறேன்.

தர்ப்பணம் கொடுத்து, படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் பல வீடுகளில் வாயில் எதையும் வைப்பார்கள். அன்றைக்கு வெங்காயம், பூண்டு கிடையாது. காலை நேரத்தில் வருகிறவரிடம் பூண்டுத் தொக்கை நீட்டாதீர்கள். பூண்டு தொட்ட ஸ்பூன் மற்றதில் படவே கூடாது. தொக்கை மேஜையின் ஒரு கோடியில் மூடி வைத்து, "பூண்டு சேர்த்தது" என்று எழுதி, கேட்டால் மட்டும் திறங்கள். மற்ற பொடிகளில் பூண்டு இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். இட்லிப் பொடியில் நீங்கள் பூண்டு போடுகிறீர்களா? சொல்லவே இல்லையே.

அமாவாசைக்கு ஒரு பொழுது இருப்பவர்கள் ராத்திரி சோறு சாப்பிட மாட்டார்கள், பலகாரம்தான். அவல் பலகாரக் கணக்கில் வரும். நேற்று அவலைப் பிடித்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை, தானாக வந்து பொருந்தியிருக்கிறது. சாயங்காலம் வருகிறவரிடம் "இன்றைக்கு ராத்திரிப் பலகாரத்துக்கு ஆகும்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

24 ஜூலை

கேட்ட தங்கை எழுதியிருக்கிறார்: இட்லிப் பொடியில் பூண்டு இல்லை, பருப்புப் பொடியில் உண்டு. சரி, பருப்புப் பொடியை ஞாயிறன்று தொக்கோடு சேர்த்து அந்தக் கோடிக்குத் தள்ளுங்கள். கரண்டும் பல்புக்கு மட்டும்தானாம். கேட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று.

25 ஜூலை

தண்ணீர். பொடி தின்றவருக்குத் தண்ணீர் வேண்டும், அடுத்த பொடியை ருசி பார்ப்பதற்கு முன் நாக்கையும் அலம்ப வேண்டும். 2023 மே மாதம் ஒரு மண்பானையில் கேன் தண்ணீர் ஊற்றி, அடியில் ஈர மணல் போட்டு, ஓரத்தில் வைத்தேன். உணவைத் தேடி வந்தவர்களைவிடத் தண்ணீருக்கு வந்தவர்கள் அதிகம். குடித்துவிட்டுச் சும்மா போக யாருக்கும் மனம் வராது, ஒரு பொடியையாவது எடுத்துப் பார்ப்பார்கள். நான் வியாபாரத்துக்காக வைக்கவில்லை, வெயிலில் வரிசையில் நின்ற ஒரு பெரியவருக்குக் கண் இருட்டியதைப் பார்த்து வைத்தது.

நீர்மோரும் நல்லதுதான், ஆனால் ஐஸ் எந்த ஐஸ் என்று தெரியாமல் போடக் கூடாது. பானகம் வைத்தால் ஈ மொய்க்கும். வெறும் தண்ணீர் போதும்.

27 ஜூலை

கப், தட்டு பற்றி இரண்டு பேர் கேட்டதற்கு. உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கும் தட்டுக்கும் தமிழ்நாட்டில் 1 ஜனவரி 2019 முதல் தடை. கடைகளில் இன்னும் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள், மைதானத்துக்கு அதிகாரிகள் வந்தால் பறிமுதல், அபராதம். தட்டைக்குத் தட்டு தேவையே இல்லை, சின்ன இடுக்கியால் எடுத்து அவர் கையில் வையுங்கள். அவலுக்கு இலைத் தொன்னையும் மர ஸ்பூனும். செய்தித்தாளில் எதையும் வைத்துக் கொடுக்காதீர்கள், அச்சு மை உணவில் ஒட்டும், அதற்கும் தடை உண்டு.

குப்பைக் கூடையை உங்கள் ஸ்டாலின் பக்கத்தில், ஆனால் மேஜைக்கு முன்னால் இல்லாமல், போகிற வழியில் வையுங்கள். தொன்னையைப் போட இடம் தெரியாவிட்டால் அதை மடித்து உங்கள் பாக்கெட் அடுக்கின் மேலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிட்டீர்களா? சிறு தொழிலுக்குப் பதிவு மட்டும் போதும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 14 இலக்க எண் வரும். அதைப் பாக்கெட்டில் அச்சடித்து, சான்றிதழின் நகலை ஸ்டாலில் மாட்டுங்கள்.

28 ஜூலை

ஒரு சின்ன விஷயம், ஆனால் என்னை ஒருவர் கேட்டு நான் முழித்த விஷயம். "பொடியில் கோதுமை உண்டா?" இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் என் பெருங்காய டப்பாவைக் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டினார். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்ப்பார்கள். அவர் மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. நீங்களும் உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் பாக்கெட்டில் எழுதுங்கள், கேட்பவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

30 ஜூலை

மேஜையில் காட்சிக்கு என்ன வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். வாழையிலை விரிக்காதீர்கள், மதியத்துக்குள் வாடிச் சுருண்டுவிடும். பொடியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் குவித்து வெயில் படும்படி வைக்காதீர்கள், கறிவேப்பிலைப் பொடியின் பச்சை இரண்டு மணி நேரத்தில் வைக்கோல் நிறமாகிவிடும். நான் வைப்பது பொடிக்குப் போகிற சாமான்கள்தான். ஒரு முறத்தில் தோல் உளுந்து, கடலைப் பருப்பு, கறுப்பு எள், புளி, உரலில் இடித்த கட்டிப் பெருங்காயம், நடுவில் ராமநாதபுரம் குண்டு மிளகாய் ஒரு குவியல். மிளகாயை எடுத்துக் குலுக்கிக் காது பக்கம் வைத்தால் உள்ளே விதை கலகலக்கும். குழந்தைகள் அதற்காகவே நிற்கும், பின்னாலேயே அம்மா நிற்பார். உலர்ந்த சாமான்தானே, இரண்டு நாளும் அப்படியே இருக்கும், கடைசியில் அரைத்துவிடலாம்.

கணக்கு: இரண்டு நாளைக்குத் தட்டை 3 கிலோ, அவல் 3 கிலோ, குழைக்க நல்லெண்ணெய் ஒரு லிட்டர். பொடி, வகைக்கு 200 கிராம் ருசிக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், விற்பனைப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் ராத்திரி கணக்கு உதைக்கும்.

2 ஆகஸ்ட்

நாளைக்குத்தானே? மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்துக் காசு வாங்கச் சொல்லுங்கள். உணவைத் தொடுகிற கை காசைத் தொடக் கூடாது. இரண்டு பேர் இருப்பதில் பெரிய வசதியே அதுதான். பாலிதீன் ஷீட் ஒன்று, கயிறு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூழாங்கல்லை மறக்காதீர்கள்.

கேட்டவர், 6 ஆகஸ்ட்

அக்கா, நன்றாகப் போனது! சனிக்கிழமை காற்றில் எதிர் ஸ்டால் பேனரே கிழிந்துவிட்டது, எங்கள் மேஜையில் ஒன்றும் பறக்கவில்லை. புளிக்காய்ச்சல் 46 பாட்டிலும் ஞாயிறு ஆறு மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. இட்லிப் பொடியும் போனது. கறிவேப்பிலைப் பொடி மட்டும் நிறைய மிஞ்சிவிட்டது, ருசி பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், வாங்கவில்லை. ஞாயிறு அந்தத் தொக்கை மூடி வைத்திருந்தேன், இருந்தும் 11 பேர் கேட்டு வாங்கினார்கள், நாளைக்குச் சாப்பிட என்று.

7 ஆகஸ்ட்

படித்து மனசு நிறைந்துவிட்டது. 46 பாட்டில் என் முதல் ஸ்டாலில் நான் மொத்தமாக விற்றதைவிட அதிகம்.

தொக்கு விஷயத்தில் நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அமாவாசையன்று பூண்டு தின்ன மாட்டார்கள் என்பதை மட்டும் யோசித்தேன், மறுநாள் சமையலுக்கு வாங்குவார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. திறந்து நீட்டாமல் இருந்தது சரி, ஒரு கோடிக்குத் தள்ளச் சொன்னது தப்பு. அடுத்த தடவை மூடிய பாட்டிலாக நடுவிலேயே அடுக்குங்கள்.

கறிவேப்பிலைப் பொடி பற்றி யோசிக்கிறேன். தட்டையில் எள் இருந்தால் அதன் வாசனை கறிவேப்பிலையை அமுக்கிவிடும். இட்லிப் பொடியில் ஏற்கெனவே எள் இருப்பதால் அதற்குப் பொருந்தியிருக்கும். நான்தான் எள் போடச் சொன்னேன், ஆனால் என் ஸ்டாலில் கறிவேப்பிலைப் பொடிக்கு நான் எப்போதும் கொடுத்தது எள் இல்லாத தட்டை. அதை எழுத விட்டுவிட்டேன். நீங்கள் எந்தத் தட்டை எடுத்துப் போனீர்கள், எள்ளா, ஓமமா, வெறும் உப்பா? அதை மட்டும் எழுதுங்கள். மிஞ்சிய பொடி எத்தனை நாள் பழசு என்பதையும்.